துவக்குக் குழலைத் துடைத்த அனுபவங்கள்: சீலை நீலமாக வந்தவர்கள் சொல்லுங்கள்

படுவான்கரை ஓய்வூதியர்:
40 வருடத்துக்கு மேலாகிறது, இன்னும் உறுத்துகிறது. அரச சேவையில் இருந்த காலம். கையில் தந்தது பழைய 303 ரைபிள். 100 யாரில் ஐந்து வெடியையும் ஒரு சிரட்டைக்குள் அடக்குவேன். அந்த முறை சுளகு அகலத்துக்குச் சிதறிவிட்டது. கை நடுங்குகிறது என்றார்கள். என் கை நடுங்கவில்லை.

ஆயுதம் பார்க்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். ரைபிளை வாங்கி, பின்வாயை மூடும் போல்டைக் கழற்றிவிட்டு, பின்வாயில் தன் பெருவிரல் நகத்தைச் சாய்த்துப் பிடித்தார். நகத்தில் பட்ட வெளிச்சம் குழலுக்குள் ஏறியது. "இஞ்ச வந்து முன்னால பார் தம்பி" என்றார். இடப்பக்கமாகச் சுற்றிப் போகும் ஐந்து பள்ளங்கள். முன்வாய்க்குக் கிட்ட, எண்ணெய் மினுக்கத்துக்குக் கீழே, தேய்க்காத செப்புக்குடத்தின் நிறத்தில் கோடு கோடாகப் படிந்திருந்தது. நான் ஒவ்வொரு நாளும் புல்த்ரூ (சீலைத்துண்டு கட்டிக் குழலுக்குள் இழுக்கும் கயிறு) இழுத்து, சீலை வெள்ளையாக வரும்வரை துடைத்தவன்! அது சன்னத்தின் செம்பு உறை உரசி விட்டுப்போன படிவு. எண்ணெய்க்குச் செம்பு அசையாது என்று அன்றுதான் தெரிந்தது. அமோனியா மருந்தில் நனைத்த துண்டை விட்டு, பத்து நிமிடம் பொறுத்து இழுத்தார். மயில் கழுத்து நீலம், செம்பு கரைந்த நிறம். எட்டுத் துண்டுக்குப் பிறகுதான் நிறம் வெளிறியது.

அடுத்த முறை வெடி பழையபடி சிரட்டைக்குள் வந்தது. ஆனால் அந்த வருடத்துச் சுடும் புள்ளி போனது போனதுதான்.

சம்மாந்துறை விவசாயி:
ஐயா, உங்களைப் போல யாரோ சொன்னதைக் கேட்டுத்தான் நான் ஒரு கிழமை வீணாக்கினேன். எங்களிடம் இருப்பது பன்றிக் காவலுக்கு லைசென்ஸ் எடுத்த 12 போர் சொட்கன். பிறஷ் போட்டு அமோனியாவால் தேய்த்தேன், சீலை நீலம். அடுத்த நாளும் நீலம். ஏழு நாளும் அதே நீலம். கண் எரிந்து தண்ணீர் ஓடுகிறது, நான் விடவில்லை. கடைசியில் மகள் வந்து பிறஷைக் கையில் எடுத்து, "வாப்பா, இந்தக் கம்பியே பித்தளைதானே" என்றாள். பிறஷை மட்டும் ஒரு மூடி அமோனியாவில் போட்டு வைத்தோம். விடியப் பார்த்தால் மூடி நிறைய நீலம். குழலில் செம்பே இருக்கவில்லை.

சொட்கன்காரர்கள் கவனியுங்கள். எங்கள் தோட்டாவில் போவது ஈயக் குண்டும் பிளாஸ்டிக் கோப்பையும். செம்பு உறை போட்ட சன்னம் ரைபிளுக்குத்தான். ஈயம் அமோனியாவில் கரையாது. எண்ணெயில் ஊறவிட்டுப் பிறஷால் தேய்த்தபோதுதான் சாம்பல் நிறத்தில் செதில் செதிலாக வந்தது.

உன்னிச்சை வட்டை:
நீங்கள் செம்பு, ஈயம் என்கிறீர்கள். எங்களுக்கு வந்தது மண். வேளாண்மை வெட்டுக்கு முந்தின கிழமை. துவக்கு வாடியில் கூரைத் தடியோடு தொங்கிக் கிடந்தது. இரவு பன்றி இறங்கின சத்தம் கேட்டு அப்பா எடுத்து வெடி வைத்தார். சத்தம் வேறு மாதிரி. விடிந்த பிறகு பார்த்தால், பாம்பு எலியை விழுங்கினது போலக் குழல் நடுவில் வீங்கியிருந்தது. உள்ளே ஒட்டியிருந்தது குளவி கட்டின செம்மண். வெடித்துக் கிழியாமல் வீங்கியதோடு நின்றது அப்பாவின் கை செய்த புண்ணியம். அதற்குப் பிறகு எந்தத் துவக்கைத் தொட்டாலும், தோட்டா போட முதல் மடித்துத் திறந்து, குழல் வழியாக நிலாவைப் பார்ப்பார்.

அக்கரைப்பற்று மச்சான்:
ஓய்வூதிய ஐயா ஒரு விஷயத்தை விட்டுவிட்டார். அந்தக் காலத்து 303 தோட்டாவின் கெப்பில் (அடியில் ஊசி குத்திப் பற்றவைக்கும் மூடியில்) இருந்த மருந்து எரிந்து உப்பாகத்தான் படியும். அந்த உப்பு காற்று ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். எண்ணெய்க்கு அது கரையாது, தண்ணீருக்குத்தான் கரையும். கொதிதண்ணீரைப் பின்பக்கத்தால் ஊற்ற வேண்டும், குழல் சூடேறி ஈரம் தானே காய்ந்துவிடும். கடலுக்கும் ஆற்றுவாய்க்கும் நடுவில் இருக்கிற நமக்கு இது முக்கியம்.

என் கதை சின்னது. வளைகுடாவில் ஒரு சுடுகளத்தில் துப்புரவு வேலை. ஒரு 308 ரைபிள் குழலில் அமோனியா மருந்தை விட்டேன், கடை பூட்டும் அவசரத்தில் மறந்து போனேன். விடிய உள்ளே சீலை சொரசொரவென்று பிடித்து இழுத்தது, மருந்து இரும்பை அரித்திருந்தது. சொந்தக்காரர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவருடைய முகம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதனால் சொல்கிறேன். மருந்துப் போத்தலில் போட்ட நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் விட வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். குளோரின் கலந்த எதையும் அமோனியாவுக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டாம், வருவது நச்சுப் புகை. நைலோன் பிறஷ் பாவித்தால் சம்மாந்துறைக் காக்காவுக்கு வந்த குழப்பம் வராது. துடைக்கும் கம்பியைப் பின்பக்கத்தால் விடுங்கள். முன்வாயின் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தால் குறி கெட்டுவிடும், பிறகு எவ்வளவு துடைத்தும் பலனில்லை. முடிந்ததும் மருந்தை முழுக்கத் துடைத்து மெல்லிசாக எண்ணெய், சுட முதல் அந்த எண்ணெயையும் துடைக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று: ஒவ்வொரு முறையும் செம்பு முழுவதையும் எடுக்கத் தேவையில்லை. கொஞ்சம் படிந்த பிறகு நன்றாகச் சுடும் குழல்கள் உண்டு. குறி விரியத் தொடங்கினால் மட்டும் எடுங்கள்.

படுவான்கரை ஓய்வூதியர்:
தம்பி, கொதிதண்ணீர் நாங்களும் ஊற்றினோம், புனல் வைத்தே ஊற்றினோம். துரு வரவில்லைதான். செம்பு அதற்குப் போகாது, அதைத்தானே நான் எழுதினேன்? இரண்டும் வேறு வேறு வருத்தம், ஒரே கசாயம் சரிவராது.

உன்னிச்சைத் தம்பி, அந்த வீங்கின குழல் இன்னும் வீட்டில் இருக்கிறதா? தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்று யாரும் கேட்டால் கொடுக்க வேண்டாம். அந்த இடத்தில் இரும்பு இழுபட்டு மெலிந்திருக்கும்.

உன்னிச்சை வட்டை:
இல்லை ஐயா, லைசென்சோடு ஒப்படைத்துவிட்டோம். கொடுக்கப் போன அன்றும், மேசையில் வைக்க முதல் அப்பா அதை மடித்துத் திறந்து ஜன்னல் பக்கம் தூக்கி ஒருமுறை பார்த்தார்.