மரப்பெட்டியின் மூடி ஒட்டிக்கொள்கிறது, வழி சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். பரிசாகக் கொடுக்க உள்ளங்கை அளவு பைன் மரப்பெட்டிகளை அலங்கரித்துக்கொண்டிருக்கிறேன். 240 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை ப்ரைமர், பிறகு அக்ரிலிக் பெயின்ட். அதன்மேல் பூப்போட்ட பேப்பர் நாப்கின் (அச்சு உள்ள மேல் அடுக்கை மட்டும் உரித்துத்தான் ஒட்டுகிறேன்), கடைசியில் வாட்டர் பேஸ்டு வார்னிஷ்.

தொல்லை மூடியில்தான். தொட்டால் நன்றாகக் காய்ந்த மாதிரிதான் இருக்கிறது. இரவு மூடிவைத்துவிட்டுக் காலையில் திறந்தால் 'சடக்'கென்று சத்தம், விளிம்பில் பெயின்ட் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வருகிறது. அக்ரிலிக் உள்வரை இறுக வாரக்கணக்கில் ஆகும் என்பது தெரியும். கொடுக்க வேண்டிய நாள் அதுவரை காத்திருக்காதே! விளிம்பில் மெழுகு தேய்த்தால் போதுமா? இல்லை, மூடியும் பெட்டியும் தொடும் இடத்தில் டேப் ஒட்டி, பெயின்டே படாமல் விட்டுவிடுவது நல்லதா? எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது, ஆனால் திறந்ததும் வெறும் மரம் தெரிந்தால் அரைகுறையாகத் தோன்றுமோ என்று யோசனை.

இன்னொன்று, மரத்தில் கணு இருக்கும் இடம் மட்டும் வெள்ளையை மீறி மஞ்சளாகக் கசிகிறது. எத்தனை கோட் அடித்தாலும் மறையவில்லை. முதலில் ஷெல்லாக் (அரக்கில் செய்த பூச்சு) பூசினால் அடங்கும் என்கிறார்கள். அதன்மேல் அக்ரிலிக் சரியாகப் பிடிக்கிறதா?

எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) பெட்டிக்கு மாறச் சொல்லாதீர்கள், ப்ளீஸ். மரத்தின் வாசனை அதில் வராது.

செய்து பார்த்தவர்கள், ஒவ்வொரு பூச்சுக்கும் எவ்வளவு இடைவெளி விட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.