இரண்டு சேனலையும் சேர்த்தால் பேஸ் கனம் காணாமல் போகிறது, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது பழைய ஃபெண்டர் பேஸ்மேன் ஹெட் (ஸ்பீக்கர் தனியாக உள்ள டியூப் ஆம்ப்; பேஸ், நார்மல் என்று இரண்டு சேனல்). பேஸ் கிட்டார் சிக்னலை ஏபிஒய் பெட்டியில் பிரித்து, ஒன்றை நேராக பேஸ் சேனலுக்கும், மற்றதை ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடல் வழியாக நார்மல் சேனலுக்கும் கொடுக்கிறேன். தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே அருமை. சேர்த்து வாசித்தால் மட்டும் மிகத் தடித்த ஈ கம்பியின் கனம் வற்றி, தகர டப்பாவைத் தட்டுவது போல ஆகிவிடுகிறது. நார்மல் வால்யூமைக் குறைத்தால் கனம் திரும்பிவிடுகிறது.

ஃபேஸ் தலைகீழாக இருக்கிறது, அதாவது ஒரு சேனலின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கி ஒன்றையொன்று அழிக்கிறது என்றே சந்தேகம். ஒரு சேனலில் சிக்னலைப் பெருக்கும் டியூப் கட்டம் ஒன்று கூடுதலாக இருந்தால் சிக்னல் புரண்டுவிடும், சரி. ஆனால் ஃபஸ் பெடலும் தன் பங்குக்குப் புரட்டினால் கணக்கு நேராகிவிட வேண்டுமே?

ஏபிஒய் பெட்டிக்குப் பதில், ஃபேஸைத் திருப்பும் சுவிட்ச் உள்ள, டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஸ்ப்ளிட்டர் வாங்கினால் போதுமா? அதிலேயே இரைச்சலும் குறையுமா? அல்லது ஃபஸ் பக்கம் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, அடித்தளத்தை நேர் சேனலிடமே விட்டுவிடலாமா? ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ்தான் என்பதால் இதுவே எளிது என்று தோன்றுகிறது. ஆம்பைத் திறக்கும் யோசனை மட்டும் வேண்டாம், உள்ளே 400 வோல்ட்! இப்படி இரண்டு சேனலில் வாசிப்பவர்கள் உங்கள் இணைப்பு வரிசையைச் சொல்லுங்கள்.