அம்மாவின் மறதிக்கு நடைப்பயிற்சி உதவுமா?

கேள்வி:
அம்மாவுக்கு 71 வயது. சொன்ன கதையையே அரைமணி நேரத்தில் மறுபடி சொல்கிறார். டாக்டர் பரிசோதித்துவிட்டு, வயதுக்கேற்ற மறதிதான், தினமும் நடக்கட்டும் என்றார். முட்டி வலிக்கிறது என்று அம்மா எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறார். நடந்தால் மூளைக்கு நிஜமாகவே பலன் உண்டா?

பதில் 1:
உண்டுங்க. முதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 120 முதியவர்கள். ஒரு பிரிவினர் ஓராண்டு நடந்தார்கள், மற்றவர்கள் கைகால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தார்கள். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி நடந்தவர்களுக்குச் சுமார் 2% வளர்ந்தது, மற்றவர்களுக்குச் சுருங்கியது. மறதிநோய் வரவே வராது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, தூக்கம் எல்லாம் சீராகும், அதுவும் மூளைக்கு நல்லதுதான்.

முட்டிவலியைச் சாக்கு என்று நினைக்காதீர்கள், ப்ளீஸ். உறுதியான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முதலில் கையை ஊன்றட்டும். தொடை வலுவானால் முட்டிக்குச் சுமை குறையும். பிறகு பத்து நிமிட நடை. வாரம் 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, மெதுவாக எட்டினால் போதும்.

பதில் 2:
கூடவே நடங்க. எங்கள் அப்பாவும் பேச்சுத்துணை இருந்தால், நாங்கள் கூப்பிடாமலே செருப்பை மாட்டிக்கொள்வார்.

கேட்டவர்:
நன்றி. நாற்காலிப் பயிற்சியை நாளைக்கே தொடங்குகிறோம்.

பதில் 1:
தெரிந்த வழியிலேயே தடுமாறினால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்றும் ஒருமுறை பரிசோதியுங்கள்.