மறு: ஆபரேஷனுக்குப் பின் குடலை இயங்க வைக்கும் மருந்து – என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

மருந்துக்குத் தமிழ்ப்பெயர் தேடுமுன் கோளாறுக்குப் பெயர் வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் குடல் அசையாமல் கிடக்கும் 'போஸ்ட் ஆபரேட்டிவ் இலியஸ்' என்பதற்குக் 'குடலடைப்பு' போதும் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள், எனக்கு உடன்பாடில்லை. அடைப்பு என்றால் ஏதோ ஒன்று வழியை மறிக்கிறது, சில சமயம் திரும்பவும் கத்தி வைக்க வேண்டிவரும். இதில் வழி திறந்துதான் இருக்கிறது. வயிற்றைத் திறந்து குடலைக் கையாண்டதாலும், வலிக்குக் கொடுக்கிற மார்ஃபின் வகை மருந்தாலும் குடல் அசையாமல் கிடக்கிறது, அவ்வளவுதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் வீட்டில் படிக்கிறவர்கள் பதறிப்போவார்கள். 'குடல்வாதம்' வேண்டாம், பக்கவாதம்தான் நினைவுக்கு வரும். இதுவோ பெரும்பாலும் சில நாளில் தானே சரியாகிவிடுவது. என் ஓட்டு 'குடல் அயர்வு'.

அந்த அயர்வும் ஒரேயடியாகத் தெளிவதில்லை. சிறுகுடல் ஒரு நாளுக்குள், இரைப்பை ஒன்றிரண்டு நாளில், பெருங்குடல் கடைசியாக இரண்டு மூன்று நாளில். ரவுண்ட்ஸ் வருகிற டாக்டர் "காத்து பிரிஞ்சுதா?" என்று தினமும் கேட்பது அந்தப் பெருங்குடலை விசாரிக்கத்தான் (பாதிப் பேர் கூச்சப்பட்டுக்கொண்டு சரியாகப் பதில் சொல்வதில்லை).

இப்போது மருந்துக்கு வருவோம். 'மலமிளக்கி' செய்வது வேறு வேலை. 'குடலியக்கி' நல்ல சொல், குடலைத் தூண்டித் தள்ளுகிற மெட்டோகுளோப்ரமைடு, எரித்ரோமைசின் மாதிரி மருந்துகளுக்குப் பொருந்தும், இந்த அயர்வுக்கு அவை பெரிதாக உதவவில்லை என்பது தனிக்கதை. ஆனால் 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆல்விமோபான் குடலைத் தள்ளிவிடுவதே இல்லை. குடல் சுவரில் மார்ஃபின் வகை மருந்துகள் (ஓபியாய்டுகள்) ஒட்டிக்கொள்ளும் இடங்களான மியூ ஏற்பிகளில் மார்ஃபின் போய் உட்கார்ந்து பிரேக் போடுகிறது, இது அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை எடுத்துவிடுகிறது. மூளைக்குள் அதிகம் நுழையாததால் வலி நிவாரணம் கெடுவதில்லை. குடலை வெட்டி இணைக்கும் ஆபரேஷனுக்கு முன் 12 மில்லிகிராம், பிறகு தினம் இருவேளை, மொத்தம் 15 டோஸுக்கு மேல் கூடாது, அதுவும் ஆஸ்பத்திரிக்குள் மட்டும். நீண்ட நாள் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில் மாரடைப்பு கூடுதலாகத் தெரிந்ததுதான் காரணம்.

அதனால் பொதுப்பெயர் 'குடலியக்க மீட்பு மருந்து' என்றிருக்கட்டும். அதற்குள் 'குடலியக்கி' ஒரு வகை, ஆல்விமோபான் மாதிரி மூளைக்கு வெளியே ஓபியாய்டைத் தடுக்கும் 'புறச்செயல் ஓபியாய்டு தடுப்பி' இன்னொரு வகை. 'அபினித் தடுப்பி' என்று தமிழாக்கலாம்தான், மருந்துச்சீட்டில் அபினியைப் பார்த்தால் போலீஸ் கேஸா என்று கேட்பார்கள். 'மீட்பி' என்று சுருக்கலாமா என்று கேட்டவருக்கு: தனியாக நின்றால் எதை மீட்கிறது என்று தெரியாது, 'குடல்மீட்பி' என்றால் எனக்குச் சம்மதம்.