ஒட்டகத்துக்கு சர்ரா நோய்: ஊசி போட்டும் திரும்பிவிட்டது

ஜெய்சல்மர் மாவட்டம். 7 வயதுப் பெண் ஒட்டகம், சுமார் 450 கிலோ, 6 மாதச் சினை. மழைக்குப் பின், இந்நோயைப் பரப்பும் டபானஸ் ஈக்கள் மொய்த்த மேய்ச்சல் நிலம். காய்ச்சல் 40.5 டிகிரி வரை ஏறி, 3-4 நாளில் தானாக இறங்கி, மறுபடி வருகிறது. திமில் சரிந்துவிட்டது, அடிவயிற்றில் நீர்வீக்கம்.

காய்ச்சல் நாளில் எடுத்த ரத்தத் துளியில் சர்ராவை உண்டாக்கும் ஒட்டுண்ணி டிரிபனோசோமா இவான்சி நெளிவது தெளிவாகத் தெரிந்தது (காய்ச்சல் இல்லாத நாளில் பார்த்தால் பெரும்பாலும் சிக்காது). இதற்கான மருந்து குயினாபைரமின் சல்பேட்டை கிலோவுக்கு 5 மி.கி. கணக்கில், 10% கரைசலாக 22.5 மி.லி., தோலுக்கடியில் 3 இடங்களில் பிரித்துப் போட்டோம். காய்ச்சல் நின்றது. 24-ம் நாள் திரும்பியது, ரத்தத்திலும் ஒட்டுண்ணி. இன்னொரு மருந்தான டைமினசீன் ஒட்டகத்துக்கு எளிதில் நச்சாகும், அதைத் தொடவில்லை. கன்று வீசிவிடுமோ என்பதுதான் பெரிய பயம்.

சினை ஒட்டகத்துக்கு ஐசோமெட்டாமிடியம் மருந்தை ரத்தநாளம் (சிரை) வழியாகக் கொடுத்தவர்கள், கிலோவுக்கு எத்தனை மி.கி. கொடுத்தீர்கள்?