பத்து இடத்தில் அரை ஏக்கரா, ஒரே இடத்தில் 5 ஏக்கரா?

மணலி மைனா:
வட சென்னையில மாதவரம், மணலி, கொடுங்கையூர் பக்கம் காலி மனை கிடைச்சா அரை ஏக்கர்லயே பறவைக்குக் குறுங்காடு, அதாவது கன்றுகளை நெருக்கி நடுற சின்னக் காடு, போட்டுடலாம்னு பேச்சு. அரை ஏக்கர் சதுரமா இருந்தாலும் பக்கத்துக்கு 45 மீட்டர்தான். முட்டை, குஞ்சு திங்கிற காகம், பூனை, கீரி 30 மீட்டர் உள்ளே வரும்னு வைங்க, நடுவுல எதுவும் மிஞ்சாது. ஒரே இடத்துல 5 ஏக்கர்னா பக்கத்துக்கு 142 மீட்டர். உள்ளே 82 மீட்டர் சதுரம், 1.6 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல, தப்பிக்கும். பக்கிங்காம் கால்வாய்க் கரையில 20 மீட்டர் அகலத்துல நட்டா, எத்தனை ஏக்கரானாலும் மொத்தமும் விளிம்புதான்.

ரெட்டேரிக்காரன்:
கணக்கு சரி, பறவைதான் தப்பு. தையல்சிட்டுக்கு ரெண்டு பெரிய இலை போதும். தேன்சிட்டு மாடிப்படி ஒயர்லயே கூட்டைத் தொங்கவிடும். நடுக்காடு கேக்குற பறவை நம்ம ஊர்ல எத்தனை? பத்துல ஒரு இடத்துக்கு ஜேசிபி வந்தாலும் ஒன்பது மிச்சம்.

மணலி மைனா:
கூடு கட்டுறது வேற, குஞ்சு பறக்குறது வேற. தையல்சிட்டு அடைகாக்க 12 நாள், குஞ்சு கூட்டுல இன்னும் ரெண்டு வாரம். கொடுங்கையூர் குப்பைமேட்டுக் காகம் அதுவரை சும்மா இருக்குமா?

குக்குறுவான்:
ரெண்டு பேரும் பரப்பளவுலயே நிக்கிறீங்க. சதுர மீட்டருக்கு 3 கன்று நெருக்கி நட்டா, 5 ஏக்கரும் பல வருஷத்துக்கு மணிக்கட்டுப் பருமன் தண்டுதான். செம்மார்புக் குக்குறுவான் பட்டுப்போன முருங்கை, கல்யாண முருங்கை மாதிரி மெது மரக்கிளையோட அடிப்பக்கத்துல துளை குடையும். அந்தக் கிளையத்தான் 'சுத்தம்'னு முதல்ல வெட்டுறாங்க. கிளி, மைனா, புள்ளி ஆந்தைக்கும் பொந்துதான் வேணும். பழைய மரம் நிக்கிற மனையாப் பாருங்க. காய்ஞ்ச கிளை ரோட்டு மேல தொங்கினா மட்டும் வெட்டுங்க.

ரெட்டேரிக்காரன்:
அதுக்கும் 5 ஏக்கர் வேணாமே! ஒரு கிழட்டு மரம் போதும். பூனை வராம இருக்க, சுத்தி களா, கொடுக்காப்புளி முள்வேலி போடலாம். காகத்துக்கு வேலி கிடையாது, ஒத்துக்கறேன்.

மணலி மைனா:
அப்போ எண்ணிப் பாத்துடலாம். அக்டோபர்ல வலசை போற ஆறுமணிக்குருவி ஒண்ணு இறங்கினதும் 'காடு வேலை செய்யுது'ன்னு படம் போடுறதெல்லாம் செல்லாது. அது இங்க முட்டையிட வரலை. பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை, 10 நாளைக்கு ஒருமுறை, விடிகாலையில, வாயில புழுவோ குஞ்சோட வெள்ளை எச்சப் பையோ கவ்விட்டுப் போற பறவைய மட்டும் குறிக்கணும், குஞ்சு வளருதுங்கிறதுக்கு அதுதான் அடையாளம். கூட்டுகிட்ட போய் நிக்காதீங்க, காகம் உங்களைப் பாத்தே இடத்தைக் கண்டுபிடிச்சிடும்.

ரெட்டேரிக்காரன்:
சரி. ஆனா பத்து அரை ஏக்கரையும் கூட்டி 5 ஏக்கரோட ஒப்பிடணும். ஒரே ஒரு அரை ஏக்கரை எதிர்ல நிறுத்தினா நீங்க ஜெயிக்காம என்ன செய்வீங்க?