மடக்கா, சுருட்டா? ‘கர்ல்’ முதலிய பயிற்சிப் பெயர்கள்

மொழிபெயர்ப்பாளர்:

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம். கைத்தசையைப் பருக்க வைக்கும் பயிற்சிகள் பற்றிய கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போகிறது. மொத்தம் 12 பயிற்சிகள், 12 படங்கள். படத்துக்குக் கீழே பெயர் போட இருக்கும் இடம் ஒரே வரிதான். தசைகளின் பெயரில் சிக்கல் இல்லை. இருதலைத் தசை (பைசெப்ஸ், மேற்கையின் முன்புறத் தசை), முத்தலைத் தசை (டிரைசெப்ஸ், பின்புறத் தசை) இரண்டும் பாடநூல்களில் வேரூன்றியவை. எடையைப் பிடித்தபடி முழங்கையை மடக்கும் பயிற்சியைக் குறிக்கும் ‘கர்ல்’ என்ற சொல்தான் 5 படங்களில் வந்து வழிமறிக்கிறது. முதல் வரைவில் ‘சுருட்டுதல்’ என்று இருக்கிறது. கூடவே ஹைப்பர்ட்ரோபி (பயிற்சியால் தசை பருப்பது), எக்சென்ட்ரிக் (தசை சுமையைத் தாங்கியபடி நீளும் கட்டம்), ரெப் (ஓர் அசைவை ஒருமுறை முழுதாகச் செய்வது), செட் (ஓய்வின்றித் தொடர்ந்து செய்யும் ரெப்களின் தொகுப்பு) ஆகியவற்றுக்கும் சொல் வேண்டும். வியாழன் இரவுக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பயிற்றுநர் (கோவை):

‘சுருட்டுதல்’ வேண்டவே வேண்டாம். படத்தைப் பார்த்துத் தானாகச் செய்கிறவர் சுருட்டு என்றதும் மணிக்கட்டைத்தான் உள்ளே சுருட்டுவார். புதிதாக வருகிறவர்களிடம் அடிக்கடி காணும் தவறே அதுதான். மணிக்கட்டு உள்வாங்கினால் முன்கை முதலில் களைத்துவிடும். எடுத்த எடை இருதலைத் தசைக்குப் போதுமான வேலை தராது. இங்கே அசைய வேண்டியது முழங்கை மூட்டு ஒன்றே. மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும், முழங்கை விலாவை ஒட்டியே நிற்க வேண்டும். முழங்கை முன்னால் நகர்ந்தால் தோளின் முன்தசை சுமையை வாங்கிக்கொள்ளும். ஆகவே மூட்டின் பெயர் சொல்லுக்குள்ளேயே இருக்கட்டும்: ‘முழங்கை மடக்கு’. எதிர்ப்பயிற்சிக்கு ‘முழங்கை நீட்டு’.

தமிழாசிரியர் (பாளையங்கோட்டை):

பயிற்றுநர் சொன்ன காரணம் சரி. ஆனால் ‘மடக்கு’ அணியிலக்கணத்தில் ஏற்கெனவே ஒரு கலைச்சொல். வந்த சொல்லே மீண்டும் வேறு பொருளில் வருவது மடக்கணி. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற ஒழுங்கைக் கலைச்சொல்லாக்கத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ‘மடக்கல்’ எனத் தொழிற்பெயராக்கினால் மயக்கம் குறையும். ‘முடக்கு’ என்று யாரும் போய்விட வேண்டாம். முடக்குவாதம் நினைவுக்கு வரும்.

இன்னொன்று. ‘கைத்தசை’ என்பதற்குப் பதில் ‘தோள்’ என்ற பழஞ்சொல்லை மீட்கலாமே? சங்கப் பாடல்களில் வேய்த்தோள், பணைத்தோள் என்று மூங்கிலோடு ஒப்பிடுவது தோள்பட்டையை அன்று, மேற்கையை. முழவுத்தோள் என்றாலும் திரண்ட மேற்கைதான்.

பயிற்றுநர்:

ஐயா, இன்று ‘தோள் பயிற்சி’ என்று எழுதினால் ஜிம்மில் எல்லோரும் ஷோல்டர் பிரஸ் செய்யப் போய்விடுவார்கள். கூடத்தில் இதற்குப் புழங்கும் சொல் ‘ஆர்ம்ஸ்’. அது வேண்டாமென்றால் ‘மேற்கை’ போதும்.

ஓய்வுபெற்ற பொறியாளர் (திருச்சி):

எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டோம். கையில் பிடித்துச் சுழற்றும் கர்லாக்கட்டை! தண்டால், பஸ்கி, கர்லா மூன்றும் நம் உடற்பயிற்சிக் கூடங்களில் தலைமுறைகளாகப் புழங்குகின்றன. கர்லா சுழல்கிறது, கர்லும் சுழல்கிறது. ‘கர்ல்’ நம்மிடமிருந்து போன சொல் என்றே உறுதியாகக் கருதுகிறேன். அப்படியிருக்க ‘கர்லை’ என்றே வைத்துக்கொள்ளலாம். மொழிபெயர்க்கத் தேவையே இல்லை.

அதைவிடச் சிறப்பாக, வலிமையையும் மற்போரையும் குறிக்கும் ‘மல்’ என்ற வேர் இருக்கிறது. மல் + தோள் = மற்றோள். ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்தியதைப் புறநானூறு பாடுகிறது. அந்த மல்லன் முதுகு மண்ணில் பட விழுந்ததால்தான் ‘மல்லாத்துதல்’ என்ற சொல் பிறந்தது. கைத்தசைப் பயிற்சிக்கு ‘மற்பயிற்சி’ என்று பெயரிடுவோம்.

தமிழாசிரியர்:

ஐயாவின் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. முடிவை ஏற்க முடியவில்லை. ரகர மெய்யை அடுத்து லகரம் வருவதைத் தமிழின் மெய்ம்மயக்கம், அதாவது எந்த மெய்யை அடுத்து எது வரலாம் என்ற விதி, ஏற்பதில்லை. சொல்லுக்கு முதலில் வரக்கூடிய மெய்கள்தாம் ரகர மெய்க்குப் பின்னும் வரும் என்கிறது தொல்காப்பியம். லகரம் மொழிமுதல் எழுத்து அன்று. ‘கர்லா’ இன்றைய வடிவில் தமிழ் ஒலியமைப்புக்கு உட்பட்டதே இல்லை. அதை ஆங்கிலச் சொல்லின் தாயாக்குவது எப்படி? ஆங்கிலச் சொல்லோ சுருள்முடியைக் குறித்த ஜெர்மானியக் குடும்பத்துச் சொல். மல்லனும் மல்லாத்தலும் ஒலியில் ஒத்திருப்பதால் உறவாகிவிடா. மல்லல் என்றால் வளம் என்று சொல்லும் ‘மல்லல் வளனே’ என்ற தொல்காப்பிய உரியியல் நூற்பாவும் மல்லாந்து கிடப்பதைச் சொல்லவில்லை.

உடலியல் ஆசிரியை (யாழ்ப்பாணம்):

மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த மரபு எங்களுக்கு உண்டு. 1847இல் இங்கு வந்த கிறீன் வைத்தியர் மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர். அந்த மரபிலிருந்து கற்க வேண்டியது, பெயர் பொருளைப் பிழையாகக் காட்டக் கூடாது என்பது.

‘தசைப் பெருக்கம்’ என்று பலர் எழுதுகிறார்கள். பெருக்கம் என்றால் எண்ணிக்கை கூடுவதாகவும் படும். பயிற்சியால் முதன்மையாக நடப்பது இருக்கிற தசைநார்கள் ஒவ்வொன்றும் தடிப்பது. நார்களின் எண்ணிக்கை கூடுவது வேறு நிகழ்வு, அதற்கு ஆங்கிலத்திலும் வேறு சொல் இருக்கிறது. ‘பெருக்கம்’ என்பதை அந்த இரண்டாவதுக்கு ஒதுக்கிவிட்டு, முதலாவதைத் ‘தசைப் பருமை’ என்போம். ‘திரட்சி’யும் அழகான சொல்தான். ஆனால் இரத்தம் திரள்வதற்கும் பால் திரள்வதற்கும் அது போய்விட்டது.

பிடிகளின் பெயரையும் இப்போதே முடிவு செய்யுங்கள், பெயரில் பாதி அதுதான். உள்ளங்கை மேலே பார்த்தால் இருதலைத் தசை வலுவாக இழுக்கும். கவிழ்த்துப் பிடித்தால் அதன் தசைநாண் (தசையை எலும்போடு பிணைக்கும் நாண்) பற்றியிருக்கும் முன்கை ஆரை எலும்பின் மேடு உருண்டு பின்புறம் போய்விடும். இழுவை குறையும், அடியில் கிடக்கும் பிரேக்கியாலிஸ் என்ற தசையும் முன்கைத் தசையும் வேலையை ஏற்கும். ‘மல்லாந்த பிடி’, ‘கவிழ்ந்த பிடி’ என்பவை போதுமா?

தமிழாசிரியர்:

அம்மா, மிகப் பொருத்தம். கொடுப்பவர் கை கவிந்திருக்கும், பெறுபவர் கை ஏந்தியிருக்கும். ‘கவிகை’ என்று வள்ளன்மைக்கே பெயர் உண்டு. அதனால் ‘ஏந்துபிடி’, ‘கவிபிடி’ என்று சுருக்கலாம். ஒரு வரிக்குள் அடங்கும்.

பயிற்றுநர்:

ஏந்துபிடி எனக்குப் பிடித்திருக்கிறது, சொன்னதும் கை தானாகத் திரும்புகிறது. ‘கவிபிடி’ என்றால் புலவரைப் பிடிப்பதாக நினைப்பார்கள். ‘கவிழ்பிடி’ என்று போடுங்கள்.

எக்சென்ட்ரிக் விஷயத்துக்கு வருகிறேன். வரைவில் ‘மையம் விலகிய சுருக்கம்’ என்று இருக்கிறது. அது வடிவியல் சொல், இங்கே ஒன்றையும் விளக்காது. ‘ஏற்றம், இறக்கம்’ என்று எளிமையாகச் சொல்லலாம் என எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் கேபிள் கருவியில் முத்தலைத் தசைக்குக் கீழ்நோக்கி அழுத்தும் பயிற்சியைப் பாருங்கள்: கை இறங்கும்போது எடைத்தட்டுகள் ஏறுகின்றன. ‘இறக்கத்தை 3 விநாடி நிதானமாகச் செய்க’ என்று அச்சிட்டால் படிப்பவர் அழுத்தும்போது மெதுவாகப் போய், திரும்பும்போது கையை விட்டுவிடுவார். தட்டுகள் மேலிருந்து மடாரென்று விழும். நிதானம் வேண்டியதோ அந்தத் திரும்பும் கட்டத்தில்தான், தசை சுமையைத் தாங்கியபடியே நீள்வது அப்போதுதான். எனவே தசையை வைத்துப் பெயரிடுங்கள்: ‘குறுகு கட்டம்’, ‘நீள் கட்டம்’.

‘சாய்பலகை மடக்கு’ என்று இரண்டு படங்களுக்கு ஒரே பெயர் இருப்பதையும் பார்த்தேன். ப்ரீச்சர் கர்லில் பலகை முன்னால் இருக்கிறது, மேற்கை அதன் மேல் படுத்திருக்கும். இன்க்ளைன் கர்லில் முதுகுதான் பலகையில் சாய்கிறது. கை உடலுக்குப் பின்னால் தொங்கி, இருதலைத் தசையின் இரு பகுதிகளில் நீளமானதான நீளத்தலை இழுபடும். முன்னதில் கையை முழுதாக நீட்டும் இடத்தில் எடையைத் தடாலென்று விட்டால் முழங்கைப் பக்கத் தசைநாணில் காயம் வரும். பின்னதில் வழக்கமான எடையைவிடக் குறைத்தே தொடங்க வேண்டும். இரண்டுக்கும் இரண்டு எச்சரிக்கைகள், ஒரு பெயரில் கலக்கக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர்:

‘கைத்தாங்கி மடக்கல்’, ‘முதுகுசாய் மடக்கல்’ என்று பிரிக்கிறேன். செட், ரெப்?

பொறியாளர்:

செட்டுக்கு ‘அடுக்கு’, ரெப்புக்கு ‘மீள்வினை’.

பயிற்றுநர்:

‘3 அடுக்கு, அடுக்குக்கு 8 முதல் 12 மீள்வினை’ என்றால் மளிகைக் கணக்கு மாதிரி இருக்கிறது. ‘சுற்று’ என்றாலும் தவறு. பல பயிற்சிகளை வரிசையாக ஒருமுறை செய்து முடிப்பதற்கு அது வேண்டும். செட் செட்டாகவே இருக்கட்டும், ரெப்புக்குத் ‘தடவை’ போதும். ‘3 செட், 8 முதல் 12 தடவை, செட்டுகளுக்கு நடுவே 2 நிமிட ஓய்வு, மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் எடை கூட்டவும்.’ யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கடைசி வரியோடு ஒரு குறிப்பும் சேருங்கள். 10 கிலோ டம்பெல்லிலிருந்து 12.5 கிலோவுக்குப் போவது நான்கில் ஒரு பங்கு உயர்வு. அதனால் ஒரே தாவலில் 12 தடவை 7 ஆகலாம். அது பின்னடைவு இல்லை. 8க்கு வரும்வரை அதே எடையில் நிற்கலாம்.

தமிழாசிரியர்:

‘செட்’டை அப்படியே அச்சிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ‘தொகுதி’ இருக்கிறது, ‘கணம்’ இருக்கிறது. இன்று விட்டால் அடுத்த பதிப்பிலும் விட்டுவிடுவோம்.

உடலியல் ஆசிரியை:

கணம் கணிதத்துக்குப் போய்விட்டது ஐயா. தொகுதி எங்கட பாடநூல்களில் உறுப்புத் தொகுதி.

மொழிபெயர்ப்பாளர்:

வியாழன் இரவு 11 மணி. அச்சுக்குப் போவது: முழங்கை மடக்கல், முழங்கை நீட்டல், ஏந்துபிடி, கவிழ்பிடி, குறுகு கட்டம், நீள் கட்டம், தசைப் பருமை, செட், தடவை. ‘செட்’ தமிழாசிரியர் ஐயாவின் மறுப்போடுதான் நிற்கிறது. உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கச் செய்யும் ஹேமர் கர்லுக்கு வரைவில் இருந்த பெயருக்கு யாரும் மறுப்புச் சொல்லாததால் ‘சுத்தியல்பிடி மடக்கல்’. பொறியாளர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பொறியாளர்:

கர்லாவைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. ‘கரளை’ என்ற வடிவம் இருந்தால் மெய்ம்மயக்கத் தடை நீங்கிவிடும் அல்லவா? தனி இழையில் எழுதுகிறேன்.

பயிற்றுநர்:

ஒரு அவசரத் திருத்தம். 9ஆம் படத்தின் கீழே ‘ஏந்துபிடி’ என்று இருக்கிறது. படத்தில் இருப்பவரின் உள்ளங்கை தரையைப் பார்க்கிறது. ‘கவிழ்பிடி’ என்று மாற்றிவிடுங்கள்.